பெரிய மீன் தொட்டி வாங்கப் போறீங்களா? ஃபில்டரும் அடிமணலும் தேர்வு செய்வது எப்படி?

சனிக்கிழமை தொட்டி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மாலையே பத்துப் பன்னிரண்டு மீன்களையும் விட்டாச்சு. ஹாலே மாறிப்போன மாதிரி இருக்கிறது. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாச்சு.

பத்தாவது நாள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மறுநாள் காலையில் இரண்டு மீன் மிதக்கிறது. தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி தெளிவு. கடைக்காரருக்கு ஃபோன் செய்தால், "ஃபில்டர் ஓடுதா சார்?" என்கிறார். ஓடுது. ஆனால் ஓடுவது வேறு, வேலை செய்வது வேறு.

முதல் முறை பெரிய தொட்டி வைக்கும் பலருக்கும் நடப்பது இதுதான். காசை எண்ணி, மாடலைப் பார்த்து, தொட்டியை முதலில் வாங்குகிறோம். ஃபில்டரைக் கடைக்காரர் தருகிறார். மணல் என்ன கலரில் வேண்டும் என்று மட்டும் நாம் சொல்கிறோம். உண்மையில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எந்த மீன், வீட்டில் வரும் தண்ணீர் எப்படி, அதற்கு அடியில் என்ன, அதற்கு எந்த ஃபில்டர் என்று யோசித்துவிட்டு, கடைசியில்தான் தொட்டிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஏன் என்று பார்க்கலாம்.

ஃபில்டர் உண்மையில் என்ன செய்கிறது?

அழுக்கைப் பிடிப்பது ஃபில்டரின் வேலைகளில் ஒன்று மட்டுமே. அதைவிட முக்கியமான வேலையை, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா செய்கிறது.

மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தும் மீன் மூச்சு வாங்குவது அதனால்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை: ஸ்பாஞ்ச், செராமிக் ரிங்ஸ், லாவா கல், அடியில் கிடக்கும் மணல். புது ஃபில்டரில் அவை இல்லை. வளர்ந்து போதுமான அளவுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மேலே சொன்ன மீன்கள் செத்தது அந்த இடைவெளியில்தான்.

ஆக, நீங்கள் வாங்குவது ஒரு பம்ப்பும் பாக்டீரியாவுக்கு ஒரு வீடும். பம்ப் எத்தனை வாட்ஸ் என்பதைவிட அந்த வீடு எவ்வளவு பெரியது என்பதே முக்கியம்.

முதலில் ஒரு கணக்கு: எடை

இங்கே 'பெரிய தொட்டி' என்று 4×2×2 அடி தொட்டியை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி கொள்ளளவு சுமார் 450 லிட்டர். மேலே விடும் இடைவெளி, மணல், கல், கட்டை எல்லாம் போக ஏறத்தாழ 380 முதல் 400 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் மட்டுமே 400 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி 90 கிலோ அளவுக்கு வரும். 5 செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்பினால் அது 37 லிட்டர், அதாவது 55 முதல் 60 கிலோ. ஸ்டாண்டையும் சேர்த்தால் 600 கிலோ.

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875, குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. உங்கள் தொட்டி முக்கால் சதுர மீட்டர் இடத்தில் 600 கிலோவை வைக்கிறது. தளம் இடிந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை; பாரம் சுற்றிலும் பகிரப்படும். ஆனால் ஹாலின் நட்டநடுவில் வைக்காமல், பீம் அல்லது பாரம் தாங்கும் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. பழைய கட்டடம், மேல்மாடி என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடமும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி?

பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் எதுவானாலும், பல அபார்ட்மென்ட்களில் வருவது போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீர். பெரும்பாலும் கடினத்தன்மை அதிகம், பி.எச். அளவும் 7-க்கு மேல். இதில் ஒரு நல்லது, ஒரு கெட்டது இருக்கிறது.

கெட்டது: அம்மோனியாவின் விஷத்தன்மை பி.எச்.சோடு ஏறும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 என்றால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. அதே தவறு, உங்கள் வீட்டுத் தண்ணீரில் பத்து மடங்கு கடுமையாகத் தண்டிக்கும்.

நல்லது: பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரில் உள்ள கார்பனேட்டைச் செலவழிக்கிறது. போர்வெல் தண்ணீரில் அது தாராளமாக உண்டு. சிலர் 'சுத்தமான தண்ணி' என்று முழுக்க ஆர்ஓ தண்ணீரை நிரப்புவார்கள். அதில் கார்பனேட் கிட்டத்தட்ட இருக்காது. சில வாரங்களில் பி.எச். சரிந்து பாக்டீரியாவும் சுணங்கிவிடும். ஆர்ஓ வேண்டுமென்றால் குழாய்த் தண்ணீரோடு கலந்து பயன்படுத்துங்கள்.

மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். நமக்கு நல்லது, மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆகாது. ஆன்டி-குளோரின் சொட்டு சேர்த்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

கடினத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் அதோடு சண்டை போடாமல், அதை விரும்பும் மீனை வளர்ப்பது சுலபம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்கள், மோலி, கப்பி எல்லாம் அந்த ரகம்.

அடியில் என்ன போடலாம்?

தொட்டியின் அடியில் பரப்பும் மணல், கல், மண் எல்லாவற்றையும் சப்ஸ்ட்ரேட் என்கிறார்கள். அழகுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் மீனின் வாயும் வயிறும் படும் இடம் அது. கழிவு போய் உட்காரும் இடமும் அதுதான்.

சிலிக்கா மணல்: குடிநீர் ஃபில்டர்களில் நிரப்புவதற்கு மூட்டையாக விற்கும் 0.5 முதல் 1 மி.மீ. மணல். தண்ணீரின் தன்மையை மாற்றாது. கோரிடோரஸ், லோச் போல அடியில் மேயும் மீன்களுக்கு இதுதான் சரி. மணலை வாயில் அள்ளி, சலித்துத் துப்பித் தீனி தேடும் மீன்கள் அவை. கூரான கல்லில் அவற்றின் மீசை தேய்ந்து புண்ணாகும். கழிவு மணலுக்குள் இறங்காமல் மேலேயே கிடக்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் உறிஞ்சி எடுப்பது எளிது.

கிராவல்: 2 முதல் 5 மி.மீ. பொடிக்கல். கழிவு இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். தொட்டி சுத்தமாகத் தெரியும், அடியில் அழுக்கு சேர்ந்துகொண்டிருக்கும். வாரம் ஒருமுறை சைஃபன் குழாயைக் கல்லுக்குள் குத்தி உறிஞ்ச வேண்டும். கோல்டுஃபிஷ் கல்லை வாயில் போட்டு மெல்லும் பழக்கம் உள்ளது. தொண்டையில் சிக்கும் அளவுள்ள கல் வேண்டாம். மணல் போடுங்கள், இல்லையேல் வாயில் நுழையாத பெரிய கூழாங்கல்.

அக்வா சாயில்: செடி வளர்ப்பவர்களுக்கான சத்து மண். பி.எச்.சை 7-க்குக் கீழே இழுக்கும். முதல் சில வாரங்கள் தானாகவே அம்மோனியாவை விடும், அதனால் அப்போது மீன் விடவே கூடாது. கடின போர்வெல் தண்ணீரில் இதன் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். விலையும் அதிகம். 4 அடித் தொட்டி முழுக்கப் பரப்புவதற்கு முன் யோசியுங்கள். செடி நடும் பகுதியில் மட்டும் போட்டு, முன்பக்கம் மணல் விடலாம்.

பவளத்தூள், சிப்பித்தூள்: இவை மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பி.எச்.சையும் ஏற்றும். மலாவி சிக்லிட்களுக்குப் பொருந்தும். டெட்ரா, டிஸ்கஸ் வகைகளுக்குப் பொருந்தாது.

வெறும் கண்ணாடி: டிஸ்கஸ், அரோவானா வளர்ப்பவர்கள் பலர் அடியில் எதுவுமே போடுவதில்லை. சுத்தம் செய்வது சுலபம். ஆனால் மணலில் வாழ வேண்டிய பாக்டீரியாவுக்கும் சேர்த்து ஃபில்டரே இடம் தர வேண்டும்.

இரண்டு விஷயங்களைத் தவிர்க்கலாம். ஒன்று, கட்டட வேலைக்கான எம்-சாண்ட். பாறையை உடைத்துச் செய்வது, விளிம்பு கூர்மை, தூசியும் அதிகம். இரண்டு, சாயம் பூசிய கலர் கல். தரமில்லாதவற்றில் சாயம் உரியும்.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட் செய்யலாம். ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் சொட்டுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, பி.எச். ஏறும். நுரைக்காவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

எவ்வளவு உயரம்? செடி இல்லையென்றால் 2 முதல் 3 செ.மீ. போதும். வேர் பிடிக்கும் செடி என்றால் 5 முதல் 7 செ.மீ. அதற்கு மேல் மணலைக் குவித்தால் அடியில் காற்றில்லாமல் அழுகல் வாயு தேங்கலாம். போடுவதற்கு முன் பக்கெட்டில் கொட்டி, தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். அக்வா சாயிலை மட்டும் கழுவக் கூடாது, கரைந்துவிடும்.

சரி, எந்த ஃபில்டர்?

ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ஏர் பம்ப்பில் ஓடும் எளிய சாதனம். மலிவு, கெட்டுப்போக எதுவும் இல்லை. 400 லிட்டர் தொட்டியில் முதன்மை ஃபில்டராக இது போதாது. துணையாக வைக்க இதைவிட நல்லது இல்லை.

தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டர், மேலே வைக்கும் டாப் ஃபில்டர்: சின்னத் தொட்டிகளுக்கு நல்லவை. டாப் ஃபில்டரில் மீடியாவைக் கழுவுவது எளிது. ஆனால் பெரிய தொட்டியின் மூலை முடுக்கெல்லாம் நீரோட்டம் போய்ச் சேராது.

அண்டர்-கிராவல் ஃபில்டர்: அடியில் துளையிட்ட தட்டு, அதன் மேல் கல். கல் பரப்பே ஃபில்டராக வேலை செய்யும். இதற்கு 3 முதல் 5 மி.மீ. கல்தான் வேண்டும், மணல் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஆஸ்கர் மாதிரி கல்லைத் தோண்டிப் புரட்டும் மீன் இருந்தால் சில நாளிலேயே தட்டு வெளியே தெரியும்.

கேனிஸ்டர்: ஸ்டாண்டுக்குள் வைக்கும் மூடிய டப்பா. நிறைய மீடியா பிடிக்கும், சத்தம் குறைவு, தொட்டியில் துளை போட வேண்டாம், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். 11 மாத அக்ரிமென்ட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. குறை என்னவென்றால், திறந்து கழுவுவது கொஞ்சம் வேலை. அதனாலேயே பலர் மாதக்கணக்கில் திறப்பதில்லை.

சம்ப்: அபார்ட்மென்ட் தண்ணீர்த் தொட்டியைச் சொல்லவில்லை. பெரிய தொட்டிக்குக் கீழே வைக்கும் இன்னொரு சின்னத் தொட்டி. மேலிருந்து தண்ணீர் வழிந்து இறங்கி, மீடியா அறைகளைக் கடந்து, பம்ப் வழியாகத் திரும்ப ஏறும். மீடியாவுக்கு ஏராளமான இடம், தண்ணீரில் நல்ல ஆக்ஸிஜன், ஹீட்டரும் பம்ப்பும் கண்ணில் படாது. ஆனால் ஓவர்ஃபுளோ துளையைத் தொட்டி செய்யும்போதே போட வேண்டும். டஃபன்டு கண்ணாடியைப் பிறகு துளைக்க முடியாது, உடைந்துவிடும். தொட்டிக்கு முன் ஃபில்டரை முடிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான். சென்னை கொளத்தூர் மாதிரி சொன்ன அளவுக்குத் தொட்டி செய்து தரும் இடங்களில், ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

சுருக்கமாக, சொந்த வீடு, பெரிய மீன், நீண்ட காலத் திட்டம் என்றால் சம்ப். வாடகை வீடு, செடித் தொட்டி என்றால் கேனிஸ்டர். பட்ஜெட் இருந்தால் பெரிய கேனிஸ்டர் ஒன்றுக்குப் பதில் நடுத்தரமானது இரண்டு வாங்குங்கள். ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும். ஒன்றைக் கழுவும் மாதம் மற்றதைத் தொடாமல் விடலாம்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா?

பொதுவாக ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் நான்கு முதல் ஆறு தடவை ஃபில்டரைக் கடக்க வேண்டும் என்பார்கள். 400 லிட்டருக்கு அது 1,600 முதல் 2,400 லிட்டர். ஆனால் பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் மீடியா இல்லாமல் அளந்தது. மீடியா, குழாய், தண்ணீர் ஏற வேண்டிய உயரம் எல்லாம் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவது சகஜம். பஞ்சில் அழுக்கு சேரச் சேர இன்னும் குறையும். அதனால் பெட்டியில் 2,500 முதல் 3,500 லிட்டர் என்று இருப்பதைப் பாருங்கள். ஆஸ்கர், கோல்டுஃபிஷ் போல அதிகம் கழிவு போடும் மீன் என்றால் மீடியா இன்னும் கூடுதலாக வேண்டும்.

மீடியாவை அடுக்கும் வரிசையும் முக்கியம். தண்ணீர் முதலில் கரடுமுரடான ஸ்பாஞ்ச், பிறகு மெல்லிய பஞ்சு, அதன் பிறகு செராமிக் அல்லது லாவா கல் வழியே போக வேண்டும். அழுக்கு முன்னாடியே நின்றால்தான் பாக்டீரியாவின் வீடு அடைபடாது. கார்பன் எப்போதும் தேவையில்லை. மருந்து போட்டால் அதை நீக்கப் பயன்படும்.

மணல் போட்டிருந்தால் ஃபில்டரின் உறிஞ்சு குழாயை மணலுக்கு 8 முதல் 10 செ.மீ. மேலே வையுங்கள். மணல் உள்ளே போனால் இம்பெல்லர் தேய்ந்துவிடும்.

மின்சாரக் கணக்கு: 35 வாட்ஸ் பம்ப் 24 மணி நேரமும் ஓடினால் மாதம் சுமார் 25 யூனிட். இரவில் ஆஃப் செய்து மிச்சம் பிடிக்கலாமா? கூடாது.

கரன்ட் போனால்?

ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டருக்குள் ஓட்டம் நின்றால் அது வேகமாகத் தீர்ந்துவிடும். சில மணி நேரம் கழித்துக் கரன்ட் வந்ததும் உள்ளே தேங்கிய கெட்ட தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். நீண்ட நேர மின்வெட்டு என்றால் கேனிஸ்டரைத் திறந்து, பழைய தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு ஓடவிடுங்கள்.

கோடையில் இது இன்னும் கடுமை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடிக்கும். 32 டிகிரியில் 7.3 தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் வைத்திருந்தால் மே மாத மின்வெட்டிலும் நிம்மதியாக ஆபீஸ் போகலாம். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் செக் வால்வ் போடுங்கள். இல்லையென்றால் பம்ப் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே கீழே வரும்.

சம்ப் வைத்தால் இன்னொரு கணக்கு. பம்ப் நின்றதும் மேல் தொட்டியில் வழிவாய்க்கு மேலே உள்ள தண்ணீர் கீழே இறங்கும். 2 செ.மீ. இறங்கினாலே 15 லிட்டர். சம்ப்பில் அந்த அளவும் குழாயில் நிற்கும் தண்ணீரும் கொள்ள இடம் காலியாக இருக்க வேண்டும். முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கீழ்வீட்டுக்காரர் ஃபோன் செய்து தெரியவருவதைவிட அது மேல்.

மீன் விடும் முன் ஆறு வாரம்

மணல், தண்ணீர், ஃபில்டர் எல்லாம் தயார். இனி மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிடுங்கள். பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியம் குளோரைடு சிறிதளவு சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி. சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். அம்மோனியாவை 2 பிபிஎம் அளவுக்கு ஏற்றிவிட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார்.

அவசரமா? நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கேளுங்கள். அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். தயாரான பிறகும் எல்லா மீனையும் ஒரே நாளில் விடாதீர்கள்.

கழுவுகிறேன் என்று கொன்றுவிடாதீர்கள்

பல தொட்டிகள் நாசமாவது ஒரு 'டீப் க்ளீனிங்' ஞாயிற்றுக்கிழமையில்தான். மீடியாவைக் குழாயடியில் வைத்துத் தேய்த்து வெள்ளையாக்கினால், குளோரினில் பாக்டீரியா போச்சு. தொட்டி மறுபடி முதல் நாளுக்குத் திரும்பிவிடும். வாராவாரம் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள் அல்லவா? அந்தப் பழைய தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து, அதில் மீடியாவை லேசாகப் பிழிந்து அலசினால் போதும். மணலைப் புரட்டிச் சுத்தம் செய்வதும் மீடியாவை அலசுவதும் ஒரே நாளில் வேண்டாம்.

வீடு மாறும்போதும் இதே விதி. மீடியா காயக் கூடாது. தொட்டித் தண்ணீர் நிரப்பிய திறந்த பக்கெட்டில் போட்டு, பேட்டரி ஏர் பம்ப்பை ஓடவிட்டு எடுத்துப் போங்கள். மணலை எடுத்துப் போவதாக இருந்தால் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். அதன் அடியில் தேங்கிய அழுக்கு கலங்கினால் புது வீட்டில் முதல் நாளே அம்மோனியா ஏறும்.

வாங்குவதற்கு முன் ஒரு தடவை

- எந்த மீன்? வளர்ந்த பிறகு எவ்வளவு பெரிதாகும்? (ஆஸ்கர் ஓர் அடி வரை வளரும்.)
- வீட்டுத் தண்ணீரின் பி.எச்., கடினத்தன்மை பார்த்தாச்சா?
- அந்த மீனின் வாய்க்கும் அந்தத் தண்ணீருக்கும் எந்த மணல் பொருந்தும்?
- சம்ப் என்றால் துளை, கேனிஸ்டர் என்றால் ஸ்டாண்டுக்குள் இடம், தொட்டிக்காரரிடம் சொல்லியாச்சா?
- 600 கிலோவைத் தாங்கும் இடம் எது?
- நான்கு மணி நேரம் கரன்ட் போனால் என்ன செய்வீர்கள்?
- ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

கடைசிக் கேள்விதான் இருப்பதிலேயே கஷ்டம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "என்னப்பா, தொட்டி இருக்கு, மீனைக் காணோம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த ஆறு வாரம் பொறுத்தால், பத்தாவது நாள் மிதக்கும் மீனைக் கையில் எடுக்க வேண்டியிருக்காது.